மதிலுக்கு அந்தப் பக்கம்

தையல்காரியின் வாசலில் தொட்டியில் ஒரு புளூபெர்ரிச் செடி இருந்தது. மூன்று வருஷமாக அதைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தாள். வசந்தம் வந்தால் வெள்ளை மணிகளைக் கோத்தது போலப் பூத்துக் குலுங்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். காய் மட்டும் பேருக்குக்கூட ஒன்று கிடையாது.

நாற்றுப்பண்ணைக்குப் போய்ச் சொன்னாள். பண்ணைக்காரர் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “இந்த ரகம் தனியா இருந்தா பூக்கும், காய்க்காதும்மா. பக்கத்துல வேற ரகம் ஒண்ணு வேணும். இதோட மகரந்தத்தைத் தேனீ அதுக்குக் கொண்டு போகணும், அதோடதை இதுக்குக் கொண்டு வரணும்.”

சூட்டோடு சூடாக இரண்டாவது செடியையும் வாங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வைக்க இடமில்லை என்பது உறைத்தது. அவள் வாசலின் அகலம் அப்படி. இடமும் வெயிலும் மதிலுக்கு அந்தப் பக்கம் தாராளமாகக் கிடந்தன. அங்கேதான் ஹாரன் இருந்தார்.

அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் குரலுக்குத் தெரு வைத்த பெயர் அது. தேனீ என்றால் மனிதருக்குக் குலைநடுக்கம். போன வருஷம் ஒன்று சமையலறைக்குள் நுழைந்துவிட, “எல்லாம் உங்க செடியாலதான்!” என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

“அவர்கிட்டயா போகப் போறே?” என்றான் கணவன். “தெரிஞ்சே புலி வாயில கையை விடுறியே.”

“காய் வேணும்னா போய்த்தானே ஆகணும்.”

ஹாரன் கதவைப் பாதிதான் திறந்தார். அவள் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள்.

“ஒரு செடிக்கே இந்தப் பாடு! இன்னொண்ணை என் வீட்டுலயே வைக்கணுமா?”

“உங்க ஜன்னலுக்கெல்லாம் நானே வலை தெச்சு மாட்டித் தரேன், அண்ணே. ஒரு தேனீ உள்ள வந்தாலும் செடியைப் பிடுங்கிட்டுப் போயிடறேன்.”

அவர் செடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “கதவுக்கும் சேர்த்து,” என்றார்.

ஐந்து ஜன்னல், ஒரு கதவு. இரண்டு நாள் மற்ற வேலையை ஓரங்கட்டிவிட்டுத் தைத்தாள்.

அடுத்த வசந்தத்தில் இரண்டு செடியும் ஒன்றாகப் பூத்தன. ஹாரன் வலைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். “ஒண்ணு கிளம்பிடுச்சு! உங்க பக்கம்தான் வருது, வழி விடுங்க!” என்று அங்கிருந்தே கத்துவார். அவள் தையல் மெஷினை மிதித்தபடியே, “வந்து சேர்ந்துடுச்சு, அண்ணே!” என்பாள்.

கோடையில் ஒரு காலை, “சீக்கிரம் வாங்க!” என்று அலறல். தேனீ கொட்டிவிட்டது என்றே நினைத்து அவள் வெறுங்காலோடு ஓடினாள். ஹாரன் செடியருகே நின்றிருந்தார். நீட்டிய உள்ளங்கையில் நான்கு நீலப் பழங்கள்.

“என் செடிதான் முதல்ல பழுத்துது,” என்றார்.

“உங்க செடியா?”

“பின்னே? தினமும் தண்ணி ஊத்தறது யாரு?”

அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். முதலில் புளித்தது, பிறகு இனித்தது. சிரிப்பும் வந்தது. “சரி, உங்க செடிதான்,” என்றபடி இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.