பச்சை பூசிய கட்டம்

“வாசல்ல செருப்பைக் கழட்டுறப்பவே பள்ளிக்கூடத்தையும் கழட்டி வெச்சிடணும். சம்மதமா?”

“சம்மதம். ஆனா உங்க கோபத்தையும் அங்கேயே கழட்டணும்.”

“எனக்கு ஏது கோபம்?”

“நேத்து சட்டைப் பட்டன் அறுந்ததுக்கே பார்த்தேனே!”

கல்யாணமான புதிதில் கணவனும் மனைவியும் இப்படிச் சிரித்துக்கொண்டே செய்த ஒப்பந்தம் அது. இருவருக்கும் ஒரே பள்ளியில் வேலை. அவர் கணக்கு, அவள் அறிவியல். வீட்டுக்குள் பாடம், பரீட்சை என்ற பேச்சே கிடையாது. அந்த ஒப்பந்தம் இனிக்கத்தான் செய்தது. இந்த வருடம் ஆள் பற்றாக்குறையால் ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் கணக்குப் பாடத்தை அவள் தலையில் கட்டும் வரை.

பின்னக் கழித்தலில் அவள் தடுமாறினாள். கணக்கு அவளுக்குத் தெரியும். தெரிய வைக்கத்தான் தெரியவில்லை. பக்கத்து வகுப்பிலேயே கணவர் ‘அ’ பிரிவுக்கு அதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கப் பலமுறை வாயெடுத்தாள். பள்ளியில் கேட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? வீட்டில் கேட்டால் ஒப்பந்தம் என்னாவது? கேட்க வந்தது ஒவ்வொரு முறையும், “குழம்புல உப்பு சரியா இருக்கா?” என்று முடிந்தது.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. மாதத் தேர்வு முடிந்ததும் ஆறாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்கள் ஆய்வகத்தில் கூடுவார்கள். எந்தக் கேள்வியில் எந்தப் பிள்ளை தவறியது என்று ஒரு பெரிய தாளில் கட்டம் கட்டமாக நிறம் பூசுவார்கள். சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு. யாருக்கு எங்கே உதவி வேண்டும் என்று சேர்ந்து பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. குழுவின் தலைவி ‘இ’ பிரிவு ஆசிரியை. அவர் கொண்டையில் எப்போதும் இரண்டு நிறப் பென்சில்கள் செருகியிருக்கும். அதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘கலர்பென்சில்’.

தன் பிரிவில் சிவப்பு விழுந்துவிடக் கூடாது என்று அவள் தீர்மானித்தாள். கேள்வித்தாளை மூவரும் சேர்ந்துதான் தயாரிப்பார்கள். தேர்வு நாள் காலையில் அதிலிருந்த கணக்கையே எண்களை மட்டும் மாற்றிக் கரும்பலகையில் போட்டாள். “முழு எண்ல ஒன்னைக் குறை, கீழ இருக்கிற எண்ணை மேல கூட்டு, அப்புறம் கழி. ஏன்னு கேக்காதீங்க, அப்படியே போடுங்க!”

பிள்ளைகள் அப்படியே போட்டார்கள்.

“அடேங்கப்பா! ‘ஆ’ பிரிவு மட்டும் பச்சைப் பசேல்னு இருக்கே! என்ன மந்திரம் போட்டீங்க டீச்சர்?” என்றார் கலர்பென்சில்.

கணவரின் ‘அ’ பிரிவில் ஆங்காங்கே சிவப்பு. அவர் அதை மறைக்கவில்லை. “கடன் வாங்கினா பத்துன்னு சில பிள்ளைங்க மனசுல பதிஞ்சுபோச்சு. அஞ்சேகால்ல ஒன்னு கடன் வாங்கினா, மேல இருக்கிற ஒன்னோட பத்தைக் கூட்டிப் பதினொன்னு போடுறாங்க.”

“அப்போ அவங்களை டீச்சர்கிட்டயே அனுப்பிடுவோம். அவங்கதான் இதுல கெட்டிக்காரங்க!”

அவள் தலை ஆடியது. ஆமாம் என்று ஆடியதா, வேண்டாம் என்று ஆடியதா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் கணவரின் வகுப்பிலிருந்து அந்தப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அவள் கரும்பலகையில் அதே ஐந்தேகால் கணக்கைப் போட்டதும், முன் வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

“டீச்சர், அங்கேருந்து ஒன்னுதானே கடன் வாங்கினோம்? இங்க வர்றப்ப எப்படி நாலாச்சு?”

“கீழ நாலு இருக்குல்ல, அதான்.”

“கீழ இருந்தா?”

“உட்காரும்மா. விதி அப்படித்தான்.”

அந்தப் பெண் உட்கார்ந்தாள். பென்சில் மட்டும் நகரவில்லை. பக்கத்தில் இருந்தவளும் எழுதுவதை நிறுத்தினாள். நேற்றுவரை சரியாகப் போட்ட ‘ஆ’ பிரிவுப் பிள்ளைகளும், “நாலா, பத்தா?” என்று கிசுகிசுத்தார்கள்.

அடுத்த தேர்வைக் கலர்பென்சில் சொல்லாமல் கொள்ளாமல் வைத்தார். காலைப் பயிற்சிக்கு வழியில்லை.

ஆய்வகத்தில் தாளை விரித்ததும் மூவரும் விழித்தார்கள். கணவரிடமே இருந்த பிள்ளைகளுக்குப் பச்சை. அவளிடம் படித்தவர்கள், அவரிடமிருந்து அவளிடம் வந்தவர்கள் எல்லாருக்கும் சிவப்பு.

“எனக்கு ஒன்னும் புரியலையே! தாள் மாறிப்போச்சா? இல்ல, நான்தான் கலரை மாத்தி அடிச்சுட்டேனா?” கலர்பென்சில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

கணவர் தயக்கத்தோடு அவளைப் பார்த்தார். “என் பிள்ளைங்க வந்து உங்க வகுப்பையும் குழப்பிட்டாங்க போல. நான் அடிப்படையைச் சரியா போடல. மன்னிச்சிடுங்க டீச்சர்.”

அவள் செய்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்கிறார்! இரட்டைப் பின்னல்காரியின் நகராத பென்சில் அவள் கண்முன் வந்தது.

“தப்பு உங்க மேல இல்ல. பிள்ளைங்க மேலயும் இல்ல,” என்றாள். “போன தடவை அந்தப் பச்சை பொய். தேர்வன்னிக்குக் காலையில அதே கணக்கைப் போட்டுப் பழக்கிட்டேன்.”

கலர்பென்சிலின் கை கொண்டையில் அப்படியே நின்றது. “அப்போ, தெரியாதவங்களைத் தேடிப்பிடிச்சு...”

“ஆமா மேடம். சொல்லித்தரத் தெரியாத என்கிட்டயே அனுப்பி வெச்சோம். சிவப்பு நம்மளைத் திட்டுறதுக்கு இல்ல, நமக்கு யாராவது கைகொடுக்கறதுக்குத்தான். அதை மறைச்சா நம்ம மானம் தப்பிக்கும், பிள்ளைங்க மாட்டிக்குவாங்க.”

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். பள்ளியில் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவாள். இன்று அந்தச் சொல் வரவில்லை.

“என்னங்க... இத்தனை நாளா கேக்கணும்னு நெனச்சு முழுங்கிட்டே இருந்தேன். ஒன்னு எப்படி நாலாகுதுன்னு பிள்ளைங்களுக்குப் புரிய வைக்க எனக்குத் தெரியல. நாளைக்கு உங்க வகுப்புல கடைசி பெஞ்சுல எனக்கு ஓர் இடம் குடுங்க. அவங்களோட சேர்த்து எனக்கும் சொல்லிக் குடுங்க.”