கயிற்றோடு வந்த மாடு

மாட்டைக் கொடுப்பவர் அதன் கயிற்றைக் கொடுக்க மாட்டார். கொடுத்தால் கொட்டகையின் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று அடி அண்ணாமலை கிராமத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாங்குகிறவர்தான் புதுக் கயிறு கொண்டுபோக வேண்டும். அப்படியிருக்க, அனந்தநாத நைனார் கயிற்றோடு மாட்டை ஓட்டிவந்து மணியம்மாள் கையில் கொடுத்தால் அவளுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

புயல் மழையில் கொட்டகைச் சுவர் இடிந்து அவளுடைய இரண்டு மாடுகளும் செத்துவிட்டன. புருஷன் இல்லாத வீடு. பால் விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. அதைக் கேள்விப்பட்டு, ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து ஒருவர் கறவை மாட்டைச் சும்மா கொடுக்கிறார்!

"மழை பலமா வந்தா அவுத்து உட்டுடும்மா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

பல்லைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், ஆகாத சுழி ஏதும் இருக்கிறதா என்று தேடினாள். ஒரு குறையும் இல்லை. அதனாலேயே அவள் சந்தேகம் கூடியது. கயிறு மட்டும் நடுவில் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது.

கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கும் சகாதேவன் விஷயத்தைக் கேட்டுக் கண்ணை உருட்டினான். "அவுத்து உட்டா மாடு எங்கக்கா போவும்? பழைய கொட்டாய்க்குத்தான் போவும். அப்புறம் தானா வந்துச்சுன்னு சொல்லுவாரு. திரும்பக் கட்டத்தான் கயிறும் ரெடியா இருக்குதே!"

அட மனுஷா, இதுதானா விஷயம்! மணியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலிக் கொட்டகையை இன்னொரு தரம் பார்க்க அவளால் ஆகாது. புதுக் கயிறு வாங்கினாள். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு, முடிச்சுமேல் முடிச்சாக இறுக்கிக் கட்டினாள். பழைய கயிற்றை அவர் கையில் வைத்துவிட்டால் மாடு தன்னுடையது, ஊர் நியாயம் அதுதான் என்று விறுவிறுவென்று கிளம்பினாள். வானம் மூடிக்கொண்டு வந்தது.

நைனார் கொட்டகையில் ஆறு முளைக்குச்சிகள் இருந்தன. ஒரு மாடும் இல்லை.

"இந்தாங்க நைனாரே, உங்க கயிறு. மாட்டத் திருப்பித் தர மாட்டேன், சொல்லிட்டேன்."

அவர் கையை நீட்டவில்லை. "கட்ட இங்க மாடு ஏதும்மா? அன்னிக்குப் புயல் மழையில எங்கயாவது ஓடிப்போயிடும்னு ஆறையும் இறுக்கிக் கட்டினேன். ஏரித் தண்ணி உள்ள வந்துடுச்சு. அஞ்சு மாடு நான் போட்ட முடிச்சுலயே மூச்சுமுட்டிச் செத்துச்சு. இது மட்டும் கயித்த அறுத்துக்கினு பொழச்சுது. இனிமே என் கையால ஒரு உயிரக் கட்ட மாட்டேன். மாட்டக் குடுத்த அன்னிக்கு இதெல்லாம் சொல்ல வாய் வரல. அந்தக் கயித்தப் பாத்தா நீயே புரிஞ்சிக்குவேன்னு நெனச்சேன்."

மணியம்மாளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

"மாட்ட எப்டிம்மா கட்டிட்டு வந்த?"

அவள் அதற்குள் வெளியே பாய்ந்திருந்தாள். அறுந்த கயிற்றைக் கையில் பிடித்தபடியே ஏரிக்கரை மேல் ஓடிக்கொண்டிருந்தாள்.