எண்ணெய்த் துளையில் வண்ணக் காகிதம்

என் கொழுந்தன் சிப்ரியான் நல்ல மெக்கானிக்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் கார்னிவல் செவ்வாய்க்கிழமை எந்த நல்ல மெக்கானிக்கும் எஞ்சினைத் திறந்து போட்டு வைக்கக்கூடாது. அன்றைக்கு எங்கள் மலைநகரமான எல் ஆல்டோவில் பூமித்தாய்க்கென்று பீர் தெளிக்காத இரும்பே கிடையாது.

என் புருஷன் செனோபியோ லா பாஸிலிருந்து கொரோய்க்கோவுக்கு மினிபஸ் ஓட்டுகிறான். கணவாய் வரை ஏற்றம், அப்புறம் காடு வரும்வரை ஒரே இறக்கம். வண்டியின் டைமிங் செயின் தேய்ந்து தளர்ந்துவிட்டது. இறக்கத்தில் அது பல் தாவினால் எஞ்சின் செத்துவிடும். எஞ்சின் செத்தால் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும், எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. அதற்கப்புறம் வண்டி எங்கே போய் நிற்கும் என்பது கழுகுகளுக்குத்தான் தெரியும்.

புதுச் செயின் செட்டை வாங்கியது நான்தான். ஞாயிற்றுச் சந்தையில் வண்டிச் சாமான் விற்கிற தோமாசா பெரிய கம்பெனிப் பெயர் போட்ட பெட்டியை எடுத்து நீட்டினாள். செனோபியோவின் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. நான் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் மேல் அச்சடித்திருந்த எழுத்தை நகத்தால் சுரண்டினேன். உரிந்து வந்தது.

"தோமாசா, என் காதுல பூ சுத்தாத."

"சரி சரி, சந்தையே திரும்பிப் பாக்குது, மெதுவாப் பேசு. இந்தா, இதப் பாரு. வெளிக் கம்பெனி செட்டு. யாரும் கேள்விப்படாத பேரு, ஆனா சொந்தப் பேரு."

வண்டியிலிருந்து கழற்றிக் கையோடு கொண்டுபோன பழைய செயினையும் அதையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டேன். கண்ணிகள் சமம். தேய்ந்த பழையது மட்டும் ஓர் அரிசி நீளம் கீழே இறங்கியிருந்தது. பல்சக்கரங்களின் குறிகள் தெளிவாக இருந்தன. டென்ஷனரின் தண்டை அழுத்தினேன், சிக்காமல் உள்ளே போய் வந்தது. செயின் உரசி ஓடுகிற பிளாஸ்டிக் பட்டைகளில் பிசிறு இல்லை. வாங்கிவிட்டேன். செனோபியோ வீடு வரும்வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் மாட்டிவிடுவதாகச் சொன்ன சிப்ரியான், மதியம் செயினைப் பல்சக்கரங்களில் ஏற்றிக் குறிகளைச் சேர்த்திருந்தான். டென்ஷனர்தான் பாக்கி. அதற்குள் அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் பீர் பெட்டியோடு வந்துவிட்டார்கள். கம்ப்ரஸருக்கு மாலை, வெல்டிங் மிஷினுக்கு பலூன். எல்லாவற்றுக்கும் பீர் ஊற்றிவிட்டு, சிப்ரியான் ஒரு கை நிறைய வண்ணக் காகிதப் பொடியை அள்ளித் திறந்த எஞ்சின் மேலேயே வீசினான்.

"பூமித்தாயே, இந்தச் செயினைப் பாத்துக்கோ!"

"ஐயோ, உனக்கென்ன கிறுக்கா! உள்ள விழுதுடா!" என்று கத்தினேன்.

"துடைச்சிடுறேன் அண்ணி. நல்ல நாளும் அதுவுமா ஏன் கத்துறீங்க?"

துடைக்கத்தான் செய்தான். ஆனால் பீரில் நனைந்த காகிதம் ஈஷிக்கொண்டு வந்தது. டென்ஷனருக்கு எண்ணெய் வருகிற துளை பட்டாணி கூட நுழையாத துளை. எண்ணெய் வந்து தள்ளினால்தான் அது செயினை இறுக்கிப் பிடிக்கும்.

"கம்ப்ரஸரைப் போட்டு அந்தத் துளைல காத்தடி சிப்ரியான்."

"மாலை போட்டாச்சு அண்ணி. இன்னிக்கு மிஷினை எழுப்பினா வருஷம் பூரா அது நம்மளத் தூங்க விடாது." பட்டறையே சிரித்தது. டென்ஷனரை வைத்து மூடிவிட்டான்.

மறுநாள் காலை எஞ்சினை எழுப்பியதும் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம்.

"புதுச் செயின் அண்ணே, ஓட ஓடப் பழகிடும்," என்றான் சிப்ரியான், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

"யோவ் செனோபியோ, பிரிச்சுப் பாக்கச் சொல்லு. அந்தத் துளை அடைச்சிருக்கு."

"துளையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நீ பொறுக்கின செட்டு அப்படித்தான் கத்தும். பெரிய பெட்டி வேணாம்னியே, இப்ப கேளு. இன்னிக்கு நிறுத்தத்துல என் முறை பாசிலியா. விட்டா மறுபடி முறை வர ஒரு வாரம் வண்டிய வாசல்ல நிறுத்தி வெக்கணும்."

வில்லா பாத்திமா நிறுத்தத்தில் பதினோரு பேர் ஏறினார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, "வண்டி சரியில்ல, இறங்கிடுங்க," என்றேன். தொப்பி போட்ட கிழவர் ஒருவர், "புருஷன் பொண்டாட்டி சண்டைய வீட்டோட வெச்சுக்கம்மா, எங்களுக்கு நேரமாகுது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பின் சீட்டில் ஒருத்தி முதுகுத் துணியிலிருந்து குழந்தையை இறக்கிப் பால் கொடுக்க ஆரம்பித்தாள். ஒருவரும் அசையவில்லை.

நான் சுற்றிப் போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"நீ எங்க ஏர்ற?"

"போறதுன்னா சேந்தே போவோம். எடு."

அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். ஏற்றம் முழுக்க எஞ்சின் இரைச்சலில் செயின் சத்தம் அமுங்கிக் கிடந்தது. செனோபியோ விசிலடிக்கக்கூட ஆரம்பித்தான். கணவாயில் பனிமூட்டம். எல்லா டிரைவர்களையும்போல அவனும் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, நான்கு சக்கரங்களுக்கும் சாராயம் தெளித்து, பூமித்தாய்க்கு ஒரு வாய் ஊற்றிவிட்டு வந்தான். இனி இறக்கம்தான். சாவியைத் திருப்பினான்.

கடகடவென்று அடித்தது பாருங்கள், என் கால்களுக்குக் கீழே தகடு அதிர்ந்தது. நிற்கவே இல்லை. பின்னால் குழந்தை வீறிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வீம்புக்கே ஓட்டிவிடுவான் என்று எனக்குத் தெரியும். அவன் என்னையே பார்த்தான். பிறகு சாவியைத் திருப்பி அணைத்தான்.

"எல்லாரும் இறங்குங்க. வேற வண்டி பிடிச்சுத் தரேன்."

கிழவர் என் அம்மாவிலிருந்து ஆரம்பித்துத் திட்டினார். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். அவர்களை வேறு வண்டிகளில் ஏற்றி அனுப்பிவிட்டு, எங்கள் வண்டியை இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுக்கவிட்டுத் திரும்பினோம்.

சிப்ரியான் பிரித்தான். செயின் ஒரு பல் தாவுகிற நிலையில் தொளதொளவென்று கிடந்தது. துளைக்குள் கம்பியை விட்டு இழுத்ததும் ரோஸ் நிறக் கூழாக ஒரு உருண்டை வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அண்ணி..." என்றான். மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு கம்ப்ரஸரைப் போட்டான்.

அன்று சாயங்காலம் வீட்டில் செனோபியோவுக்கு சூப் ஊற்றினேன். உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறானே என்ற சந்தோஷத்தில் கோபமெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

"நல்லவேளை, உனக்கும் புத்தி வந்துது," என்றேன்.

"புத்தியாவது ஒண்ணாவது. நீ பக்கத்துல உக்காந்திருந்த. இல்லன்னா வண்டிய அப்படியே இறக்கத்துல விட்டிருப்பேன்."

சிரித்துக்கொண்டே, ஆசையாகத்தான் சொன்னான். எனக்குக் கை நின்றுவிட்டது.

"பின்னாடி பதினோரு பேர் இருந்தாங்களே. அந்தக் கைக்குழந்தை?"

கரண்டியை சூப்பில் சுற்றிக்கொண்டே யோசித்தான். "அவங்க நெனப்பு வரல பாசிலியா," என்றான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

ஒரு வாரம் கழித்து மறுபடி எங்கள் முறை வந்தபோது எஞ்சின் பட்டுப்போல ஓடியது. பயணிகள் ஏறினார்கள். நான் பின் சீட்டுகளில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன் சீட்டில் ஏறினேன்.

"இப்ப எதுக்கு? அதான் சத்தமே இல்லையே!"

"இல்லதான். நீ ஓட்டு," என்றேன்.