சட்டை விரிச்சுப் போடுங்க

கழுதைக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்ற வழக்கு சிதம்பரம் பேருந்து நிலையத்திலேயே தொடங்கிவிட்டது.

"அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா, நீயே சொல்லும்மா" என்றார் நடத்துநர்.

"இது வெறும் தலைதாண்ணே. ஒடம்பு கடலூர்ல இருக்கு" என்றாள் ஜெனிட்டா.

பேருந்தே சிரித்தது. அவள் மடியில் வீற்றிருந்தது ஓர் அட்டைக் கழுதைத் தலை. மேலவீதிக் கடையொன்றில் சலவை இயந்திரம் வந்திறங்கிய பெட்டியைக் கேட்டு வாங்கி, மதிய இடைவேளைகளில் வெட்டி ஒட்டிச் சாம்பல் வண்ணம் பூசியிருந்தாள். காதுகள் மட்டும் அளவு தப்பி நீண்டுவிட்டன. சன்னல் காற்றில் அவை ஆடிய ஆட்டம், புதுச்சத்திரம் தாண்டும் வரையில் பின்னிருக்கைக் குழந்தையொன்றை அழவிடாமல் பார்த்துக்கொண்டது.

சிதம்பரத்தில் ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசை ஜெனிட்டாவுக்குச் சோறு போட்டது. ஆனால் வாரம் முழுவதும் அவள் காத்திருந்ததோ, கடலூரில் தன் பங்குக் கோயிலின் மழலையர் மறைக்கல்வி வகுப்புக்கு. நான்கும் ஐந்தும் வயதான அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்வது, கைப்பிடி மணலை முடிந்து வைப்பது போன்ற வேலை. ஆகவே அவள் கதையைச் சொல்வதை விட்டு, கதைக்குள்ளே அவர்களை இறக்கிவிடப் பழகியிருந்தாள். யோனாவை மீன் விழுங்கிய வாரத்தில் மேசைக்கடியில் செபித்துக்கொண்டே சில யோனாக்கள் உறங்கிப்போனார்கள். எரிகோவின் மதிலைச் சுற்றி வந்து வீழ்த்திய வாரத்தில் வகுப்பறை நாற்காலிகள் அனைத்தும் மெய்யாகவே விழுந்தன.

அந்த வகுப்புக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

வினை, சென்ற ஆண்டுக் குருத்தோலை ஞாயிற்றில் விளைந்தது. கோயிலில் திருப்பாடுகளின் வரலாற்றை மூவர் மாறி மாறி வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டவர் உயிர்விட்ட இடம் வந்ததும் சபை முழுவதும் முழந்தாளிட்டது. மின்விசிறி சுழலும் ஓசைகூடக் குற்றமாய்ப் பட்ட அந்த மௌனத்தில், மழலையர் வரிசையிலிருந்து எழுந்தது ஒரு 'பீ...ப்!' தென்னங்குருத்தைக் கையில் கொடுத்தால் இவ்வூர்ப் பிள்ளைகள் முதலில் சிலுவை முடைவார்கள், பிறகு கைக்கடிகாரம் செய்வார்கள், அதன்பின் கிளி செய்வார்கள், முடிவில் சுருட்டிப் பீப்பியாக்கி ஊதுவார்கள். ஒரு பீப்பி ஊதியபின் மற்றவை வாய்மூடிக் கிடக்குமா? கல்வாரி மலை ஒரு நொடியில் கல்யாண வீடாயிற்று.

முதற்பீப்பி எந்த வாயில் இருந்தது என்பது ஜெனிட்டாவுக்குத் தெரியும். அவள் எவரிடமும் சொல்லவில்லை.

பங்குப் பேரவையின் செயலாளர் சகாயநாதன், கடலூர் நீதிமன்றத்தில் பேர்பெற்ற வழக்கறிஞர். கோயிலில் ஒரு நாற்காலி கோணலாய்க் கிடந்தாலும் எழுந்துபோய் நேராக்கிவிட்டு வந்துதான் செபமாலையைத் தொடர்வார். அவர் அந்தப் பீப்பியை ஓராண்டாக மறக்கவில்லை. தவக்காலத்தின் தொடக்கத்திலேயே பேரவையில் பேச்செடுத்தார்.

"ஏம்மா ஜெனிட்டா, நாலு வயசுக் கொழந்தைக்கு வேதமா புரியும்? வெளையாட்டுதான் புரியும். ஹால்ல ஒரு டிவிய மாட்டி பைபிள் கார்ட்டூன் போட்டு விட்டுடலாம். பெரியவங்களாவது நிம்மதியா பூச பாக்கட்டும்."

"டிவி போட்டா கண்ணுதான் சார் பாக்கும். கையி காலெல்லாம் சும்மா இருக்குமே."

"சும்மா இருக்கட்டும்னுதானம்மா நானும் சொல்றேன்!"

இருவருக்கும் நடுவே அமர்ந்திருந்தவர் பங்குத்தந்தை லூர்துசாமி. எந்தச் சச்சரவிலும் தேநீர் ஆறுவதற்குள் ஒரு சமாதானம் கண்டுபிடித்துவிடுவார். "வக்கீல் சார், நீங்க கேக்காத வாய்தாவா? வர்ற குருத்தோல ஞாயிறு வரைக்கும் இந்தப் பொண்ணுக்கு ஒரு வாய்தா குடுங்க" என்றார்.

"சரி ஃபாதர். ஆனா பவனியில ஏதாவது கலாட்டா ஆச்சுன்னா, ஈஸ்டர்லேருந்து டிவிதான். அப்பீல் கெடையாது."

ஜெனிட்டா தலையசைத்தாள். டிவி பேசும் அறையில் ஆசிரியைக்கு என்ன வேலை? சிதம்பரத்திலேயே அறையெடுத்துத் தங்காமல் அவள் நாள்தோறும் பேருந்தில் இடிபடுவதே இந்தப் பிள்ளைகளை முன்னிட்டுத்தான். அது வீட்டில் எவருக்கும் விளங்காத கணக்கு, அவளும் விளக்கியதில்லை.

இயேசு கழுதைமேல் ஏறி எருசலேமுக்குள் வர, மக்கள் 'ஓசன்னா' என்று வாழ்த்தி வரவேற்ற நாளை நடித்துக் காட்டும் பவனிக்கு ஒத்திகை தொடங்கியது. "இயேசுவா யாரு வர்றீங்க?" என்று கேட்டாள். வகுப்பு அமைதி காத்தது. "கழுதையா?" என்றதும் எல்லாக் கைகளும் எழுந்தன, ஒருவன் காலையும் தூக்கினான். இயேசு சும்மா உட்கார்ந்திருப்பார், கழுதைதான் கத்தும் என்பது அவர்கள் ஆய்ந்து கண்ட உண்மை. பக்கச் சக்கரம் வைத்த சிறு சைக்கிள் ஒன்றைக் கழுதையாக்கி, அட்டைத் தலையை அதில் கட்டுவதென்றும், கத்துவது மட்டும் முறை வைத்து எல்லாருக்கும் உரியதென்றும் தீர்ப்பாயிற்று. சைக்கிளின் சொந்தக்காரன் சார்லஸ். இறங்கச் சொன்னால் ஊரைக் கூட்டிவிடுவான் என்ற ஒரே தகுதியால் அவனே ஆண்டவரானான்.

பவனிக்கு ஜெனிட்டாவே பாட்டும் கட்டினாள்:

*ஓலை ஏந்தி ஆடுங்க,*
*ஓசன்னான்னு பாடுங்க!*
*சாலை எல்லாம் மூடுங்க,*
*சட்டை விரிச்சுப் போடுங்க!*

"மிஸ், சட்டைய ஏன் கீழ போட்டாங்க? அவுங்க அம்மா அடிக்க மாட்டாங்களா?" என்று எழுந்தாள் இசைவாணி. ஐந்து வயது. குறுக்கு விசாரணையில் தகப்பனாரை வெல்லக் கூடியவள். அந்தத் தகப்பனார் வேறு யாருமல்லர், சகாயநாதனே.

"அவுங்ககிட்ட கம்பளம் இல்ல செல்லம். நம்ம ராசா வர்ற வழியில தூசி இருக்கக் கூடாதுன்னு, அவுங்ககிட்ட இருந்ததுலயே நல்ல துணிய எடுத்து விரிச்சாங்க."

"ரொம்ப நல்லதா?"

"ரொம்ப ரொம்ப நல்லது" என்றாள் ஜெனிட்டா, கதையின் மயக்கத்தில்.

அன்று மாலை அன்னையரின் வாட்ஸ்அப் குழுவில், 'ஞாயிறு அன்று ஆளுக்கொரு பழைய துண்டு கொடுத்தனுப்பவும்' என்று எழுதினாள். அன்னையரும் துண்டுகளை மடித்துப் பைகளில் வைத்தார்கள். வகுப்பில் சொன்னதும் குழுவில் எழுதியதும் ஒன்றல்ல என்பது அவளுக்கு உறைக்கவில்லை. ஐந்து வயதினர் வாட்ஸ்அப் பார்ப்பதில்லை என்பதும் அவள் நினைவுக்கு வரவில்லை.

குருத்தோலை ஞாயிறு விடிந்தது. பள்ளித் திடலில் ஓலைகள் மந்திரிக்கப்பட்டன. சிவப்புத் திருவுடையில் லூர்துசாமி அடிகளார் நின்றார். ஜெனிட்டா இம்முறை முன்யோசனையோடு, சிலுவையாக இறுக முடைந்த ஓலைகளையே பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தாள். இதில் எவனும் பீப்பி ஊத முடியாது. கோயில் வாயிலில் ஒலிபெருக்கியும் கையுமாகக் கூட்டத்தை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த சகாயநாதனை நிமிர்ந்தே பார்த்தாள்.

பவனி புறப்பட்டது. சார்லஸ் காலால் உந்திக்கொண்டு வந்தான். அட்டைக் காதுகள் ஆடின; முறைக்காரக் கழுதை கத்திற்று. தெருவோரத் தேநீர்க் கடையில் நின்றவர்கள் கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பாட்டு நான்காம் அடியை எட்டியது. 'போடுங்க' என்ற சொல் ஓயுமுன்னே பிள்ளைகள் முன்னால் ஓடிப் பைகளைக் கவிழ்த்தார்கள்.

ஒரு பழைய துண்டும் விழவில்லை.

சிங்கப்பூரிலிருந்து வந்த கம்பளி விழுந்தது. யாரோ ஒரு தகப்பனின் சரிகை வேட்டி விழுந்தது. திருமுழுக்குக்குத் தைத்த வெள்ளைக் கவுன் விழுந்தது. சைக்கிள் கூடையிலிருந்து சார்லஸ் எடுத்து நீட்டிய பொதியை இருவர் பிரித்து வீச, மயிற்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு கடலூர்ச் சாலையில் அலையெனப் புரண்டது.

"ஐயோ, எங் கூரப்பொடவ!" அவன் தாய் சவரிமேரி வரிசையைப் பிளந்துகொண்டு வந்தாள். "டேய் சார்லசு! பீரோ சாவிய எங்கடா எடுத்தே?"

ஆண்டவர் மறுமொழி சொல்லாமல் ஓசன்னா பாடினார்.

ஜெனிட்டா புடவையை எடுக்க ஓடினாள். அப்போதுதான் கண்டாள்: எல்லாருக்கும் முன்னே, கோயில் வாயிலுக்கு நேராக, இசைவாணி தன் பள்ளிப் பையிலிருந்து கறுப்பாய் எதையோ உருவி உதறி, அதன் இரு கைகளையும் அகல விரித்துத் தரையில் கிடத்திக்கொண்டிருந்தாள். சகாயநாதனின் வழக்கறிஞர் அங்கி.

ஒலிபெருக்கி ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது.

"இசை! என்னாது இது? நாளைக்கு எனக்கு கேசு இருக்கு!"

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுதான் எடுத்தியா?"

"நீ ஜட்ஜுக்கு முன்னாடி போறப்ப இததான போட்டுக்குவே? வேர்த்தாலும் கழட்ட மாட்டே. கேட்டா, ஜட்ஜு பெரியவருன்னுவே." இசைவாணி சைக்கிளைச் சுட்டிக் காட்டினாள். "இவரு ஜட்ஜ விட பெரியவரு. நீதான் சொன்னே. அதான், நம்ம வீட்லயே பெரிய சட்டையா பாத்து எடுத்தேன்."

பாட்டு நின்றிருந்தது. சார்லஸ் அங்கியின் விளிம்பில் சைக்கிளை நிறுத்திவிட்டான். "மிஸ், வக்கீல் மாமா அடிப்பாரா?" என்று அவன் கேட்டது பின்வரிசை வரைக்கும் கேட்டது. இனி என்ன? ஈஸ்டருக்கு டிவி. ஜெனிட்டா குனிந்தாள். "மன்னிச்சிடுங்க சார். தப்பு என்னுதுதான். நான்தான் நல்ல துணின்னு..." என்றபடி அங்கியை எடுக்கக் கை நீட்டினாள்.

இசைவாணி அங்கியின் மறு முனையைப் பற்றிக்கொண்டாள். "எடுக்காதீங்க மிஸ். ராசா இன்னும் போவல."

சகாயநாதன் இறங்கி வந்தார். எத்தனையோ வாதங்களில் வியர்த்த அங்கி. எவரையும் தொடவிடாமல் அவரே தேய்த்து மாட்டும் அங்கி. இன்று அது புழுதியில், கை விரித்து, யாரையோ வணங்கிக் கிடப்பதுபோல் கிடந்தது. கையில் பிடித்திருந்த குருத்தோலையைப் பார்த்தார். அங்கியைப் பார்த்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார்.

பிடுங்கப் போகிறார் என்று ஜெனிட்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எடது கை மடங்கிக் கெடக்குது பாரு" என்ற குரல் கேட்டது. "விரிக்கிறதுன்னா ஒழுங்கா விரிக்கணும்."

கண் திறந்தபோது அவர் மடங்கியிருந்த கையை உருவி நேராக்கி, கழுத்துப் பட்டையை நீவிக்கொண்டிருந்தார். கோணல் தீர்ந்ததும் எழுந்து ஒதுங்கி நின்றார். "ஓட்டுடா சார்லஸ்."

சார்லஸ் உந்தினான். முறை யாருடையதென்று தெரியாத குழப்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கழுதையாய்க் கத்தினார்கள். அந்தக் கத்தலின் மேல் பெரியவர்களின் ஓசன்னா அலையெழுந்தது. பட்டின் ஒரு முனையை இழுத்துக்கொண்டு நின்ற சவரிமேரி சட்டென்று கையை விட்டாள். "போவட்டும் போ, ட்ரை கிளீனிங் குடுத்துக்கலாம். ஆனா ஃபாதர், நீங்க செருப்ப கழட்டிட்டுத்தான் நடக்கணும். கூரப்பொடவ!"

லூர்துசாமி அடிகளார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

கோயிலுள்ளே திருப்பாடுகளின் வாசகம் வந்தது. ஆண்டவர் உயிர்விட்ட இடத்தில் சபை முழந்தாளிட்டது. ஜெனிட்டா திரும்பிப் பார்த்தாள். மழலையர் வரிசையில் ஓலை அசையும் ஓசைகூட இல்லை. சார்லஸ் மட்டும் அவள் காதருகே வந்து, "மிஸ், செத்துட்டாரா? இப்பத்தான சைக்கிள்ல வந்தாரு?" என்று கிசுகிசுத்தான்.

அவனைச் சேர்த்தணைத்துக்கொண்டாள். பின்வரிசையில் முழந்தாளிட்டிருந்த சகாயநாதன் அதைக் கேட்டிருக்க வேண்டும். மற்றவர்கள் எழுந்த பின்னும் சிறிது நேரம் அவர் தலை கவிழ்ந்தே இருந்தது.

மறுநாள் சிதம்பரம் பேருந்தில், "என்னம்மா, கழுதைய காணோம்?" என்று நடத்துநர் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே ஜெனிட்டாவின் கைப்பேசி ஒலித்தது. சகாயநாதன் குரற்செய்தி அனுப்பியிருந்தார். பின்னணியில் நீதிமன்ற வளாகத்தின் இரைச்சல்.

"ஜெனிட்டா, அங்கியில சக்கரத் தடம் அப்படியேதான் இருக்கு. நேரமில்ல, அதோடவே போறேன். கேக்கறவங்களுக்கெல்லாம் கதைய சொல்லிட்டிருக்கேன். போன வருசத்துப் பீப்பியும் எங்க வீட்டுதுதானாமே? நேத்து இசையே ஒத்துக்கிச்சு. நீ ஏம்மா சொல்லல? சரி, அது போவட்டும். ஈஸ்டருக்குக் கல்லற செய்ய அட்ட எவ்ளோ வேணும்னு சொல்லு, நான் ஏற்பாடு பண்றேன். ஆனா பிள்ளைங்கள என்னா கொண்டாரச் சொல்றேன்னு எங்கிட்ட முன்னாடியே சொல்லிடு. பீரோவ பூட்டணும்."