எதிர்த்து நிற்க ஓர் ஆள்

இன்றைக்குச் சொல்லிவிடுவார். எண்பத்திரண்டு வயதில் இன்றைக்குச் சொல்லாவிட்டால் வேறு என்றைக்குத்தான் சொல்வார்? 'எர்சிலியா, நான் ஓய்ந்துவிட்டேன், இனி நீ பார்த்துக்கொள்.' இவ்வளவுதானே. உடனே தலையாட்டிவிடக் கூடாது. கொஞ்சம் தயங்க வேண்டும். முப்பத்தோரு வருடம் காத்திருந்தவள் ஒரு நிமிடம் தயங்கினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இப்படித் தனக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே எர்சிலியா சதுக்கத்தைக் கடந்தாள். நீலக் கோட்டை நேற்றே தேய்த்து வைத்திருந்தாள். படிக்கும் கண்ணாடி சங்கிலியில் கோர்த்து மார்பில் ஆடியது. காப்பிக் கடை வாசலில் நின்ற ஊர்க்காரன் இவானோ அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன, நீலக் கோட்டு? கிழவர் ஒருவழியா செத்துட்டாரா, இல்ல சாவியக் குடுக்கறாரா?"

"வாயக் கழுவுடா."

"காலையிலயே கழுவிட்டேன், சாராயம் ஊத்தி. போய்ட்டு வா. சாவி கெடச்சா மொதல்ல அந்த மணிக்கூண்டத் தொறந்து கடியாரத்தப் பாரு. எங்கப்பா காலத்துலேருந்து நாலே கால்லயே நிக்குது."

அவள் சிரித்தாள். கடிகாரம் அவள் மனதிலும் முதலாவதாகத்தான் இருந்தது.

அந்த இத்தாலிய மலையூர் மொந்தெசெர்வோவின் மேயர் அர்துவீனோ கபோபியான்கோ. எப்போதோ பதினோரு மாதம் ரோமில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். அந்த ஆட்சி கவிழ்ந்து, அந்தக் கட்சியே கலைந்து, கட்சி அலுவலகம் செருப்புக் கடையாக மாறிய பிறகும் ஊர் அவரை 'மாண்புமிகு' என்றே கூப்பிட்டது. அவர் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று ஒரு பேச்சு உண்டு. இத்தனை தடவைதான் மேயராக இருக்கலாம் என்று சட்டம் ஒருமுறை குறுக்கே வந்தபோது, பல் டாக்டரான மருமகனை நாற்காலியில் உட்காரவைத்துத் தான் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்துகொண்டார். மருமகன் அந்த ஐந்து வருடமும் பல்தான் பிடுங்கினார்.

"வா பொண்ணே, வா," என்று தன் அலுவலக அறையில் எழுந்து நின்றார் மாண்புமிகு. மேசையின் ஓரத்தில் கோப்புகளோடு உட்கார்ந்திருந்த ஊர் மன்றச் செயலர் தூல்லியாவிடம் திரும்பினார். "பாத்தீங்களா, நம்ம ஊரோட இளைய தலைமுறை!"

ஐம்பத்தைந்து வயது இளைய தலைமுறை முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தது.

தூல்லியா வேறு ஊர்க்காரி. வாரத்தில் இரண்டு நாள் மலையேறி வருவாள். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மேயருக்கு நிற்பவர் தலைமையில் மன்றத்துக்கு நிற்பவர்களின் பெயர்கள் அடங்கிய வேட்பாளர் பட்டியல்கள் இன்று பகல் பன்னிரண்டுக்குள் வந்து சேர வேண்டும். மணி பதினொன்று பத்து.

"எர்சிலியா," என்றார் மாண்புமிகு. குரல் தழுதழுத்தது. அவள் தயங்குவதற்குத் தயாரானாள். "செத்திமியோ போனதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

செத்திமியோ இந்த ஊரின் எதிர்க்கட்சி. முழுக் கட்சியும் அவர்தான். எண்பத்து நான்கு வயதில், ஏழாவது முறையாகத் தோற்பதற்குத் தயாராகிக்கொண்டிருந்தவர், பிப்ரவரியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நல்ல மனுஷன்," என்றாள்.

"மனுஷனா அவன்? பொறுப்பில்லாதவன். தேர்தல் நேரத்துலயா சாவாங்க?" கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் உண்மையானது என்பதுதான் அவளைக் குழப்பியது. "இப்ப பாரு, என்னோட பட்டியல் ஒண்ணுதான் நிக்குது. ஒரே பட்டியல்னா நூத்துக்கு நாப்பது பேராவது வந்து ஓட்டுப் போடணும். அது சட்டம். நம்ம ஊர் ஓட்டர் லிஸ்ட்ல பேரு இருக்கு, ஆளு எங்க இருக்கு? பாதிப் பேரு வேலைக்குன்னு டொரினோவுல, பொலோஞாவுல. மிச்சப் பேரு, எப்படியும் நாந்தானே வரப்போறேன்னு வீட்லயே படுத்துருவாங்க. நாப்பது வரலேன்னா தேர்தல் செல்லாது. அரசாங்கம் ஒரு அதிகாரிய அனுப்பி இந்த நாற்காலியில உக்கார வெச்சுரும். புரியுதா? யாருமே எதிர்த்து நிக்கலேன்னா நான் தோத்துருவேன்!"

அவளுக்குப் புரியத் தொடங்கியது. பனியில் நடந்து வந்தவளுக்கு ஈரம் காலுறைக்குள் இறங்குவதுபோல மெதுவாகப் புரிந்தது.

"ரெண்டாவதா ஒரு பட்டியல் இருந்தா நாப்பது கணக்கே கெடையாது," என்றார் அவர். "தலைமைக்கு நீ. மத்த பேரெல்லாம் நானே ஏற்பாடு பண்ணிட்டேன். என் டிரைவர், அவன் மச்சான், என் மருமகனோட நர்ஸம்மா. எல்லாம் கையெழுத்துப் போட்டாச்சு. ஒன்னோடதுதான் பாக்கி."

"நான் உங்கள எதிர்த்து நிக்கணுமா?"

"நெசமா இல்ல பொண்ணே. தோக்கறதுக்கு. ஆனா தோத்தவங்களுக்கும் மன்றத்துல எடம் உண்டே. எதிர்க்கட்சித் தலைவி! செத்திமியோவோட நாற்காலி. ஜன்னலோரம், வெயில் வரும்."

"ஜெயிச்சுட்டா?"

மாண்புமிகு தூல்லியாவைப் பார்த்துக் கடகடவென்று சிரித்தார். தூல்லியா சிரிக்கவில்லை.

"பயப்படாதே, அதெல்லாம் நடக்காது. அடுத்த தடவ நீதான். எனக்கும் எண்பத்தேழு ஆயிடும். நானும் மனுஷன்தானே, ஓய்வு வேணாமா?"

இதையே தன் ஐம்பத்தாறு வயதில் சொன்னார், அறுபத்தொரு வயதில் சொன்னார். ஒவ்வொரு முறையும் அவள் வீடு வீடாகப் போய் அவருக்கு ஓட்டுக் கேட்டாள். பொறுமை இழந்தவர்களிடம், 'இந்த ஒரு தடவ மட்டும்' என்றாள். கேட்டுச் சலித்தவர்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போனார்கள். கடைசியாகப் போனவள் மகள் நோயெமி. ரோட்டர்டாமுக்கு ரயிலேறும்போது சொன்னாள்: "அம்மா, நீ அந்த நாற்காலிக்கு வரிசையில நிக்கல. வரிசையில வேற யாரும் நிக்காம பாத்துக்கற." அன்றைக்கு அதைக் கோபத்தில் சொன்ன சொல் என்று எடுத்துக்கொண்டாள்.

"கொள்கை அறிக்கைகூட ரெடி," என்று ஒரு தாளை நீட்டினார். "படிச்சுப் பாரு. என்னக் கிழிகிழின்னு கிழிச்சிருக்கு. அப்பதானே நம்புவாங்க."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மூடிய ஆரம்பப் பள்ளி. மேல்தெருவுக்கு ஏறாத தண்ணீர். நாலே காலில் நிற்கும் கடிகாரம். 'ஒரே முகத்தைப் பார்த்துப் பார்த்து இந்த ஊருக்குத் தன் முகம் மறந்துவிட்டது.' நன்றாக இருந்தது. கோபம் இருந்தது, ஆனால் கத்தல் இல்லை. யார் எழுதியது? அவரால் இப்படி எழுத முடியாது. இதை எழுதியவர் ஊரில் இருந்தால் அவருக்குத்தான் நான் ஓட்டுப் போடுவேன் என்று நினைத்தாள். நினைத்த மறுகணம் அந்த முகம் மறந்த வாக்கியம் அவளுக்குள் எங்கோ இடித்தது.

"இது..."

"ஒன்னோடதுதான்!" என்றார் மாண்புமிகு, பரிசு கொடுப்பவர்போல. "இருபத்துநாலு வயசுல எங்கிட்ட கொண்டாந்து குடுத்தியே, இளைஞர்களோட கோரிக்கைன்னு. பழைய மேயரக் கிழிச்சு நீ எழுதினது. அதச் சொல்லித்தானே மொதல் தடவ நான் ஜெயிச்சேன். பத்திரமா வெச்சிருந்தேன் பாரு. அந்தக் காலத்துக் காசு லீரான்னு இருந்த எடத்துல யூரோன்னு மாத்தினேன். வேற ஒரு வரி மாத்த வேண்டியிருக்கல."

மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதில் தனக்கு வெட்கமாக ஏதாவது இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் முகத்தில் ஒரு சேகரிப்பாளரின் பெருமைதான் இருந்தது.

தனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவள் கண்டது ஒரு பெண்ணை. குட்டை முடியும் மைக்கறை விரலுமாக இதே அறை வாசலில் தாளோடு நின்ற பெண். அவளை இந்த மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியவர் அவர்தான். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வந்து பூட்டை இழுத்துப் பார்த்து, 'பத்திரமாகத்தான் இருக்கிறாள்' என்று திருப்தியோடு வீடு திரும்பியது யார்?

"சுவரொட்டிக்கும் அந்தக் காலத்துப் போட்டோவே போட்டுரலாம்," என்றார் மாண்புமிகு. "என்னோடதும் பழசுதான். ரெண்டு பேரும் பொருத்தமா இருப்போம்."

"பதினொண்ணு நாப்பது," என்றாள் தூல்லியா. படிவத்தைத் திருப்பி எர்சிலியாவின் முன்னால் நகர்த்தினாள். "என் முன்னாடிதான் கையெழுத்துப் போடணும். சம்மதம் இருந்தா."

அந்தக் கடைசி இரண்டு சொற்களையும் அவள் படிவத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மாண்புமிகு தன் பேனாவின் மூடியைத் தானே திருகி எடுத்துக் கொடுத்தார். கனமான பேனா. எர்சிலியா அதை வாங்கிக்கொண்டாள். ஒரு நிமிடம் தயங்க வேண்டும் என்று காலையில் ஒத்திகை பார்த்தது நினைவுக்கு வந்தது. இப்போது தயக்கம் எதுவும் இல்லை என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றினாள். அது சங்கிலியில் தொங்கி, கோட்டின் பொத்தானில் பட்டுச் சின்னதாக ஒலித்தது.

"எங்க போடறதுன்னு தெரியுதா?" என்றார் மாண்புமிகு. "அதோ, கீழ, கோடு போட்ட எடத்துல."

"தெரியல."

"என்ன தெரியல?"

"கண்ணு தெரியல, மாண்புமிகு."

"கண்ணாடி மார்லயே தொங்குதே!"

"தொங்குது," என்றாள். பேனாவின் மூடியை எடுத்து நிதானமாகத் திருகி மூடி, கையெழுத்து விழாத படிவத்தின் மேல் குறுக்காக வைத்தாள். "ஆனா எனக்கு வயசாயிடுச்சு."