நாத்தனார் வீட்டு சோபா

சோபா வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்தான் போய்க் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்ததாக எங்கள் தெருவில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பேசுகிறவர்களுக்கு என்ன, வாய்க்கு வாடகையா கொடுக்கிறார்கள்? என் நாத்தனார் தானாகத்தான் கொண்டுவந்து இறக்கினாள்.

என் மகளுக்குச் சமுதாயக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பஸ்ஸில் போகும்போது வயல்களுக்கு நடுவே தகரக் கூரையும் புதுச் சுவருமாகத் திடீரென்று வருமே, அந்தக் கல்லூரி. ரத்தம் சோதிக்கிற ஆய்வுக்கூடப் படிப்பு. முடித்தால் ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும் என்றார்கள். மதிப்பெண்ணைப் பார்த்து இடம் கொடுத்துவிட்டார்கள். கட்டணம்தான் எங்களுக்கு எட்டாக்கனி. என் வீட்டுக்காரர் மூட்டை தூக்கி முதுகு போய் வீட்டோடு இருக்கிறார். நான் கோழிப்பண்ணையில் முட்டை பிரித்து அடுக்குகிறேன். லீவு நாளில் மகளும் என்னோடு வருவாள். கல்லூரியின் உதவித்தொகை கிடைத்தால் அவளுக்குப் படிப்பு, கிடைக்காவிட்டால் காலத்துக்கும் முட்டை.

உதவித்தொகைக்கு முன்னால் ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார்களாம். வியாழக்கிழமை வருகிறோம் என்று போன் வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் இருப்பது ஒரு கால் ஆடுகிற நாற்காலியும் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலும். சுவரில் ஈரம் ஏறிப் பட்டை பட்டையாக உரிந்து நிற்கிறது. படித்த ஒருத்தர் வந்து இதில் எங்கே உட்காருவார்?

"அப்படியே இருக்கட்டும்மா. அதைப் பாக்கத்தானே வர்றாங்க" என்றாள் மகள்.

"வீட்டுக்கு வர்றவங்களுக்கு உட்கார எடம் வேண்டாமா? உன்னைப் பெத்ததுக்கு நான் குப்பைமேட்டுல குடியிருக்கிறதாக் காட்டணுமா?"

"குப்பைமேடுன்னு யாரு சொன்னா? உள்ளதைக் காட்டுன்னுதானே சொல்றேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. வாயை மூடிக்கொண்டு போ என்று சொன்னேன். அவள் போனாள்.

அடுத்த தெருவில்தான் நாத்தனார் வீடு. அவள் வீட்டுக்காரர் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஓகோவென்று இல்லாவிட்டாலும் எங்களைவிட ஒரு படி மேல். அவள் மகனும் அதே கல்லூரியில் மோட்டார் மெக்கானிக் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தான். சின்ன வயதில் லாரி டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டே திரிந்ததால் அவனுக்கு டியூப் என்றே பெயராகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டு அசைய முடியாமல் கிடந்த அன்று, மாமா என்று அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் போனவன் அவன்தான்.

புதன்கிழமை சாயங்காலம் தள்ளுவண்டி வந்து வாசலில் நின்றது. சோபா, டிவி, சின்ன ஃபிரிட்ஜ், பூப்போட்ட திரைச்சீலை. வண்டியைத் தள்ளிக்கொண்டு டியூப், கூடவே நாத்தனார்.

"அண்ணி, நாளைக்கு ஆள் வருதாமே. எல்லாத்தையும் வெச்சுக்கங்க. சனிக்கிழமைக்கு மேல எடுத்துக்கறேன்" என்றாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளிடம் ஒரு கரண்டி இரவல் வாங்கியதில்லை நான். கொடுக்கவும் மாட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை உருவிக்கொண்டு, சோபாவைச் சுவரோரமாகத் தள்ளு என்று டியூபிடம் சொன்னாள். ஈரச் சுவரைத் திரைச்சீலை நன்றாக மறைத்தது.

வியாழக்கிழமை லேசான தூறல். மழைக்கோட்டு போட்ட ஒரு அம்மா வந்தார். பெயர் சொன்னார், எனக்கு மனதில் நிற்கவில்லை. நான் மழைக்கோட்டு அம்மா என்றே வைத்துக்கொண்டேன். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். ஃபிரிட்ஜிலிருந்து ஜில்லென்று பழச்சாறு எடுத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் அன்றுதான் முதல் தடவையாக ஜில்லென்று ஒன்று குடித்தார்கள்.

"கடன் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"யார்கிட்டயும் கை நீட்டிப் பழக்கமில்லீங்க" என்றேன். என் வீட்டுக்காரர் செருமினார். மளிகைக் கடைக்காரர் அந்தச் சமயம் எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கல்லூரியால பாதிதான் தர முடியும்னா, மீதியை நீங்க பார்த்துக்குவீங்களா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் சோபாவில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? என் வீட்டுக்காரர், "சமாளிச்சுக்குவோம்மா" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

"அம்மா, இந்த சோபா வந்து" என்று மகள் ஆரம்பித்தாள். நான் முறைத்த முறைப்பில் மீதியை விழுங்கிவிட்டாள். மழைக்கோட்டு அம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு திரைச்சீலை அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறு வாரம் பதில் வந்தது. இடம் உண்டு, உதவித்தொகை இல்லை. திங்கட்கிழமைக்குள் கட்டணம் கட்டாவிட்டால் அடுத்த ஆளுக்கு இடம் போய்விடும். குடும்பம் வசதியாக இருக்கிறதாம்.

மகள் அழுதிருந்தால்கூடத் தேவலை. மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து பண்ணைக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். எதற்கு என்று கேட்டேன். இனி தினமும் இதுதானே, பழகிக்கொள்கிறேன் என்றாள். 

அன்று பண்ணைக்கு லீவு போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போகக் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் டியூப் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தான்.

"அத்தை, எனக்குக் கெடைச்சிருச்சு. முழுசும். இப்பதான் போன் வந்துச்சு."

"நல்லதுடா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தாங்கல்ல. கூடமே காலியாக் கெடந்துச்சா, உட்கார ஒண்ணுமில்லையான்னு கேட்டாங்க. அம்மா பாயை விரிச்சாங்க. பாவம், அந்தம்மா அதுலயே உட்கார்ந்து எழுதினாங்க."

சொல்லும்போதே அவன் சிரிப்பு கொஞ்சம் தடுமாறியது. எனக்குப் பொறி தட்டியது. சனிக்கிழமைக்கு மேல எடுத்துக்கறேன் அண்ணி என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு கரண்டி கொடுக்காதவள் வீட்டையே துடைத்து ஏன் கொடுத்தாள் என்று நான் ஒரு நிமிஷம் யோசித்தேனா? கண் கலங்கி நின்றேனே, என்னைச் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜையும் டிவியையும் திரைச்சீலையையும் சொன்ன மாதிரியே வந்து எடுத்துக்கொண்டு போனாள். வண்டிச் சக்கரம் கழன்றதால் சோபா மட்டும் எங்கள் வீட்டில் நின்றுவிட்டது.

கல்லூரியில் சேர்க்கை அலுவலகம் என்பது ஒரு நீள அறை. ஒரு பக்கம் பெஞ்சு, மறுபக்கம் கண்ணாடி வைத்த ஜன்னல்கள். பெஞ்சில் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் மழைக்கோட்டு அம்மா, கோட்டு இல்லாமல்.

"நீங்க பாத்தது எதுவும் எங்க பொருள் இல்லீங்க" என்றேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. 

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

"மானத்துக்குப் பயந்துட்டேன்."

அவர் பேனாவை வைத்தார். கோபப்படவில்லை, அலுத்துப் போனவர் மாதிரி இருந்தார். "நீங்க இப்படிச் சொல்றீங்க. உதவித்தொகை கெடைக்காத எல்லாருமே இப்படித்தான் வந்து சொல்றாங்க. நான் எதை நம்புறது? அந்தப் பொருளெல்லாம் யாரோடது? சொன்னீங்கன்னா நான் போய்ப் பாத்துட்டு மாத்தி எழுதலாம்."

 வாடகைக்கு எடுத்தேன் என்று சொல்லலாம். எங்கே எடுத்தாய் என்பார். என் வீட்டுக்காரர் டியூபின் முதுகில் தொங்கிக்கொண்டு போனது கண் முன்னால் வந்தது. அதற்கு மேலே ரப்பர் பூட்ஸ் வந்து நின்றது.  அடுத்த ஆள் என் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"என் நாத்தனாரோடது" என்றேன். வீடு எங்கே என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

மறுநாள் அவர் போன் போடாமல் வந்தார். எங்கள் வீட்டில் உரிந்த சுவரையும் சோபாவையும் பார்த்தார். இந்தத் தடவை சோபாவில் உட்காரவில்லை. ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு நாத்தனார் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்ததும் அதே பூப்போட்ட திரைச்சீலை. வேறு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் மேலே காட்டினோம், அவர்கள் கீழே காட்டினார்கள். இருப்பதைவிட அதிகமாகக் காட்டினால் அசட்டுத்தனமாம், இருப்பதை மறைத்தால் குற்றமாம். என் மகளுக்கு உதவித்தொகை வந்தது. டியூபுக்கு வந்ததை ரத்து செய்துவிட்டார்கள். இந்த வருடம் திரும்ப எழுதிப் போடவும் முடியாது. பஞ்சர் கடை வருமானத்தில் அந்தக் கட்டணத்தை அவர்களாலும் கட்ட முடியாது. அது எனக்குத் தெரியாதா? தெரியும்.

நாத்தனார் தெருவிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"வீடு காலியா இருந்தா நல்லதுன்னு நெனச்சேன். இல்லேங்கல. ஆனா உங்களுக்கு வேணும்னு தானே அண்ணி வாங்கிக்கிட்டீங்க? நான் சோபாவைக் குடுத்தேன். பவுசு பண்ணச் சொல்லி நானா குடுத்தேன்?"

"என் பொண்ணு நாசமாப் போனா பரவாயில்லையா உனக்கு?"

"உங்க பொண்ணுக்கும் கெடைக்கும்னுதான் நெனச்சேன். பாதியாவது குடுப்பாங்கன்னு. மீதியை நாங்களே சமாளிச்சுக்குவோம்னு சொல்ற அளவுக்கு நீங்க சீமாட்டின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அவளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது.  என் வீட்டுக்காரர் வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் என்னிடம் சாப்பாடு போடு என்பதைத் தவிர வேறு பேசுவதில்லை.

மகள் கல்லூரிக்குப் போகிறாள். பஞ்சர் கடை வழியாகப் போனால் பஸ் நிறுத்தம் பக்கம்தான். அவள் ரைஸ்மில்லைச் சுற்றிக்கொண்டு போகிறாள். 

போன ஞாயிற்றுக்கிழமை தள்ளுவண்டி வந்து நின்றது. டியூப் தனியாக வந்திருந்தான். கையெல்லாம் கிரீஸ், நகக்கண்ணில் ரப்பர் தூள். என்ன கேட்டாலும் பதில் சொல்லத் தயாராகத்தான் நின்றேன். பெத்தவள் வேறு என்ன செய்வாள், உன் அம்மா செய்தது மட்டும் நியாயமா என்று மனதுக்குள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தேன்.

அவன் நேரே உள்ளே வந்தான். சோபாவின் மேல் கிடந்த துணிகளை எடுத்து ஸ்டூலில் வைத்தான். ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க" என்றான். பிடித்தேன். வாசற்படி குறுகல். அவன் பின்பக்கமாக நடந்து, நிலையில் இடிக்காமல் சாய்த்துச் சாய்த்து இறக்கினான். வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினான். முடிச்சைப் பார்த்தபடியேதான் பேசினான்.

"அன்னிக்கு பஸ் ஸ்டாப்ல போன் வந்த ஒடனே நீங்கதான் வந்தீங்க அத்தை. அம்மாகிட்டகூட அப்புறம்தான் சொன்னேன். மொதல்ல உங்ககிட்டதான் சொன்னேன்."

கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். தெரு மேடாக இருக்கும். தனி ஆளாகத் தள்ளுவது கஷ்டம். ஓடிப்போய்ப் பின்னால் ஒரு கை கொடுத்திருக்கலாம். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.