லாரிசா சொன்ன வியாழக்கிழமை

எர்மெக் குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் எல்லா வீட்டிலும் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பால் தேநீர் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். லாரிசா நோகாய்க்குப் பிடிக்காமல் போனது அதுதான்.

அல்மாத்தியில் அந்த நான்கு பழைய அடுக்குமாடிகளுக்கும் சேர்த்து ஒரே முற்றம். கசாக்குகள், உய்குர்கள், ருஷ்யர்கள், லாரிசாவைப் போன்ற கொரியர்கள், துருக்கியரில் இரண்டு குடும்பம். ஒருவர் வீட்டுச் சாவுக்கு எல்லாரும் போவார்கள். ஒருவர் சண்டையில் மற்றவர் தலையிடமாட்டார். அப்படிப்பட்டவர்களை ஒன்றாக நிற்கவைத்தது ஒரு தகர வேலி. வசந்தம் தொடங்கியதுமே ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஆட்கள் வந்து முற்றத்து எல்ம் மரங்களைச் சுற்றி அதை அடித்தார்கள். பதினாறு மாடி வரப்போகிறதாம். கீழ்த்தளத்தில் முடிவெட்டும் கடை வைத்திருந்த லாரிசா, பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் அவர்களை மறித்தாள். அன்றிலிருந்து முற்றத்துக்கு அவள்தான் தலைவி மாதிரி.

எர்மெக்கை யாரும் அழைக்கவில்லை. தானாக வந்தான். எல்லாரையும் சேர்த்துக் கைபேசியில் ஒரு குழு தொடங்கினான். கசாக் மொழியிலும் ருஷ்ய மொழியிலும் மனு எழுதினான். குளிர்காலம் முழுக்க எரியாத விளக்கு அவன் வந்த வாரமே எரிந்தது. அடைத்துக் கிடந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. எதற்கும் அவன் ஒரு டெங்கே கேட்கவில்லை. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால், வீட்டிலிருந்தே ஏதோ கணினி வேலை என்பான். கூட்டம் நடந்தால் வந்தவர்கள் முகத்தையெல்லாம் படம் எடுத்துக்கொள்வான்.

“சும்மா எவனும் குனியமாட்டான், பாத்திகுல். கீழ ஏதோ கிடக்கு,” என்றாள் லாரிசா.

முற்றத்து வாசலில் சம்சா சுட்டு விற்கும் பாத்திகுல் அவளுக்கு இருபது வருடத் தோழி. “உனக்கு யாரைத்தான் பிடிச்சிருக்கு? என் சம்சாவையே பிரிச்சு, கறி அதிகமா வெங்காயம் அதிகமான்னு பார்க்கிறவ நீ,” என்றாள்.

ஆனால் லாரிசாவின் சந்தேகத்துக்குச் சீக்கிரமே தீனி கிடைத்தது. சந்தைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில், வேலி போடவைத்த மேலாளரோடு எர்மெக் ஒரே தட்டில் லக்மான் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தாள். மறுநாள், நேற்று மதியம் ஆளைக் காணோமே என்று சாதாரணமாகக் கேட்டாள். அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன் என்றான், கண்ணை இமைக்காமல்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆதாரம் இல்லாமல் பேசினால் முற்றம் இரண்டாகும், அதைத்தான் அந்த நிறுவனமும் விரும்பும். அவன் முடிவெட்ட வந்த அன்று, கழுத்தில் துணியைக் கட்டிவிட்டுக் காதருகே குனிந்து சொன்னாள். வியாழக்கிழமை காலை மாவட்ட அலுவலகத்தின் துணைத் தலைவர் நம்மை ரகசியமாகப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். நீயும் நானும் மட்டும்தான். வெளியே மூச்சு விடாதே. அத்தனையும் பொய். அந்தச் செய்தி கட்டுமானக்காரர்கள் காதுக்குப் போனால் அவர்கள் பதறிக்கொண்டு எதையாவது செய்வார்கள், அப்போது குட்டு வெளிப்படும் என்று கணக்குப் போட்டாள்.

வியாழக்கிழமை கடையைத் திறந்து வேலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. வந்தது பாத்திகுல்தான், விசேஷத்துக்குக் கட்டும் தலைத்துணியோடு.

“இன்னும் கிளம்பலையா நீ? எல்லாரும் பஸ் ஸ்டாப்புல நிக்கிறாங்க. உன் பேரைப் போட்டுத்தானே எர்மெக் குழுவுல எழுதியிருக்கான்.”

லாரிசா கைபேசியை எடுத்துப் பார்த்தாள். ‘லாரிசா அக்கா ஏற்பாட்டில் துணைத் தலைவருடன் சந்திப்பு. அனைவரும் வரவும்.’ பொய் என்று இப்போது சொன்னால் இனி யார் அவள் பேச்சைக் கேட்பார்கள்? கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே போனாள்.

அப்படி ஒரு சந்திப்பே இல்லை என்றான் அலுவலகத்துக் காவலாளி. லாரிசாவின் முகம் எரிந்தது. ஆனால் யாரும் திரும்பிப் போகவில்லை. பேருந்துக்குக் காசு கொடுத்து வந்தாயிற்று, வெயிலும் இல்லை. வயதானவர்கள் படியில் உட்கார்ந்தார்கள், பாத்திகுல் சம்சாக் கூடையைத் திறந்தாள். ஜன்னல்களில் ஒவ்வொன்றாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. கடைசியில் துணைத் தலைவரே இறங்கி வந்தார். வாசலில் இத்தனை பேர் உட்கார்ந்திருப்பது அவருக்குத்தான் சங்கடம். கூடத்தில் உட்காரவைத்து, காவலாளி சொன்ன பெயரை வைத்து, யார் லாரிசா என்று கேட்டார்.

அவள் எழுந்து பேசினாள். வேலிக்கான அனுமதிக் காகிதத்தை இன்றுவரை ஒருவரும் காட்டவில்லை என்றாள். மரங்களை நட்டவர்களில் மூன்று பேர் இதோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள். குரல் நடுங்கியது, அது பயத்தால் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்த மாதமே வேலி கழன்றது. விசாரணை முடியும்வரை வேலை நிறுத்தம் என்று ஆணை வந்தது.

வேலி போன அன்று எர்மெக் கடைக்கு வந்தான். நகர மன்றத் தேர்தலில் நிற்கப்போகிறேன், உங்கள் ஆதரவு வேண்டும் என்றான்.

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். “இதுக்குத்தானா இவ்வளவும்?”

“இதுக்கும்தான்.”

“அந்த மேலாளரோட சாப்பிட்டியே?”

அவன் முகம் ஒரு கணம் மாறியது. “அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கப் போனேன் அக்கா. சொல்லியிருந்தா என்னை நம்பியிருப்பீங்களா?”

“வியாழக்கிழமை விஷயத்தை வெளிய சொல்லாதேன்னேனே.”

“அன்னைக்கே ஆபீசுக்குப் போன் பண்ணேன். அப்படி எதுவும் இல்லைன்னாங்க.”

“பொய்னு தெரிஞ்சும் வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனியா?”

“பொய் நீங்க சொன்னது. நான் ஆளைத்தான் கூட்டினேன்,” என்றான், கொஞ்சம்கூடக் கோபமில்லாமல்.

அவனால் முற்றத்துக்கு நல்லதுதான் நடந்தது என்பதை அவளால் மறுக்க முடியவில்லை. ஆனால் அடுத்தவர் பொய்யை வைத்து இத்தனை பேரை அலுவலக வாசலில் உட்காரவைக்கத் தெரிந்தவன், நாளைக்குத் தன் பொய்யை வைத்து என்ன செய்வானோ என்ற நினைப்பு அவளை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் போய், ஓட்டு எண்ணும்போது பார்வையாளராக உட்காரப் பெயர் கொடுத்தாள். அவனுக்காகவா என்று கேட்டாள் பாத்திகுல். யாருக்காகவும் இல்லை என்றாள்.

தேர்தல் அன்று லாரிசா காலையிலேயே அவனுக்கு ஓட்டுப் போட்டாள். பிறகு நாற்காலியை எண்ணும் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எர்மெக் வந்து, நல்ல வித்தியாசத்தில் ஜெயிப்பேன், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் அக்கா, களைத்திருக்கிறீர்கள் என்றான். ஒவ்வொரு சீட்டையும் விரித்துக் காட்டச் சொல்லி, கடைசிச் சீட்டுவரை அவள் எழுந்திருக்கவில்லை.